பாட்டு வேண்டும், பாடியவர் வேண்டாமா?

கரீபியன் கடலில் உள்ள சிறிய தீவு திரினிடாட். அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் வளர்த்த பாட்டுதான் கலிப்சோ. ஆள்பவரைக் கேலி செய்வதும் ஊர் நியாயம் பேசுவதும் அதன் குணம். 1880-களில் பிரிட்டிஷ் அரசு அவர்களுடைய முரசுக்குத் தடை போட்டது. மக்களோ மூங்கில் கழிகளைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினார்கள். பாட்டு நிற்கவில்லை.

இந்தப் பாட்டை அமெரிக்கா எப்படி ஏற்றுக்கொண்டது? இரண்டாம் உலகப் போரின்போது திரினிடாடில் அமெரிக்கப் படை முகாமிட்டது. சிப்பாய்களின் டாலர் தம் ஊர்ப் பெண்களின் வாழ்க்கையை என்ன செய்தது என்று லார்ட் இன்வேடர் பாடினார். 'ரம் அண்ட் கோகோ கோலா' என்ற அந்தப் பாட்டை ஓர் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். 1945-இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் குரலில் அது அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. பாட்டில் இருந்த வலி ஆட்டத்தில் கரைந்துபோனது. இன்வேடரின் வரிகளை முன்பே அச்சிட்டிருந்தவர் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். 1947-இல் தீர்ப்பு திரினிடாட்காரர்கள் பக்கம் வந்தது.

1956-இல் ஹாரி பெலஃபான்டேயின் 'கலிப்சோ' இசைத்தட்டு வெளிவந்து, 31 வாரங்கள் விற்பனையில் முதலிடம் பிடித்தது. அதில் புகழ்பெற்ற 'டே-ஓ' உண்மையில் ஜமைக்காவின் பாட்டு. இரவெல்லாம் கப்பலில் வாழைத்தார் ஏற்றிய கூலிகள், விடிந்ததும் கணக்குப் பார்த்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பாடியது. எந்தத் தீவின் பாட்டானாலும் சந்தையில் அதற்கு ஒரே பெயர், கலிப்சோ. அந்தப் பாட்டுக்குக் கைதட்டிய நாட்டின் தென்மாநிலங்களில், அன்று கறுப்பர்கள் வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் உட்கார முடியாத நிலை இருந்தது.

பெலஃபான்டே கைதட்டலில் மயங்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கோடு நின்றார். 1963-இல் பர்மிங்ஹாமில் சிறை சென்ற போராளிகளை ஜாமீனில் எடுக்கப் பணம் திரட்டினார். கூலிகளின் பாட்டு தந்த புகழ், உரிமைப் போருக்குப் பயன்பட்டது. கலைஞன் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

ரசிகனுக்கும் கடன் உண்டு. மாணவர்களே, பாட்டு பிடித்தால் ஆடுங்கள். ஆடி முடித்ததும் கேளுங்கள்: இதைக் கட்டியவர் யார்? அவருக்குரிய பெயரும் கூலியும் போய்ச் சேர்ந்ததா? அவர் வந்தால் நம் திண்ணையில் உட்கார வைப்போமா?