நான்காவது பீடம்



மகளுக்கு ஜப்பான் போகும் வாய்ப்பு வந்திருப்பதாக ஒரு தாய் எழுதியிருக்கிறார். அந்நாட்டின் அரசியலையும் பண்பாட்டையும் அறிவதற்கான குறுகிய காலப் படிப்புப் பயணம். பத்தே நாளில் என்ன கற்றுவிட முடியும் என்று தயங்குகிறார்.

தயங்காமல் அனுப்புங்கள் அம்மா. ஜப்பான் அரசு ‘ஜெனிசிஸ்’ திட்டத்தில் 2007 முதல் இளைஞர்களை இப்படி அழைத்துவருகிறது. கியோத்தோவின் கோயில்களையும் தேநீர்ச் சடங்கையும் எப்படியும் காட்டிவிடுவார்கள். டோக்கியோவில் நாடாளுமன்றக் கட்டடத்தை மட்டும் உங்கள் மகள் நின்று பார்க்கட்டும். 1936-ல் கட்டி முடித்தது. மைய மண்டபத்தில் நான்கு மூலைகளிலும் பீடங்கள். மூன்றில் இத்தோ, ஓகுமா, இதாகாகி என்ற அரசியல் முன்னோடிகளின் சிலைகள். நான்காவது இன்றும் காலியாகவே இருக்கிறது. ஏன் என்று அவள் அங்கேயே கேட்கட்டும். ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

தேர்தல் நேரமாக அமைந்தால் இன்னும் நல்லது. அங்கே நாடாளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது. வேட்பாளர் பெயரும் அச்சாகியிருக்காது. வாக்காளரே பென்சிலால் பெயரை எழுதவேண்டும். ஒரே குடும்பப் பெயருள்ள இருவர் போட்டியிட்டு, வாக்காளர் அந்தப் பெயரை மட்டும் எழுதிவிட்டால், அந்த ஓட்டை இருவருக்கும் விகிதப்படி பிரித்துக்கொடுக்கிறார்கள்! பெயர் மனத்தில் நிற்கவேண்டும் என்பதால்தான் பிரசார வண்டிகள் ஒலிபெருக்கியில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போகின்றன. வீடு வீடாகச் சென்று ஓட்டுக் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. கும்பிட்டபடி வாசலுக்கு வரும் வேட்பாளர்களையே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வியப்பு.

முடிந்தால் ஒரு பள்ளிக்கும் போய்வரட்டும். வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். மதிய உணவையும் முறைவைத்து அவர்களே பரிமாறுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் 18 வயதில் ஓட்டுப்போடப் போகிறார்கள். 2016 வரை 20 வயது ஆகவேண்டியிருந்தது. அரசியலையும் பண்பாட்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துவைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். புறப்படுமுன் ஹிராகனா என்ற ஜப்பானிய எழுத்துகள் 46-ஐயும் மகள் கற்றுக்கொள்ளட்டும். அவை அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்குகின்றன. வாக்காளர் எளிதாக எழுதவேண்டும் என்று பல வேட்பாளர்கள் சுவரொட்டியில் தங்கள் பெயரை அந்த எழுத்தில்தான் போடுகிறார்கள். அதை அவள் தானே வாசித்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்