ஸ்பேனருக்கு முன்னால் துணி

"பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்று ஆயிலை ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு பக்கம். ஒரு சொட்டைக் கண்டதும் சீலை மாற்றச் சொல்கிறவர்கள் மறுபக்கம். என்னைக் கேட்டால், இரண்டு பேருமே வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காதவர்கள்தான்.

நான் பணி ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருடம். ஆவணி மாதம், சம்பா உழவு தொடங்கும் நேரம். அப்பா வாங்கிய டிராக்டரில் என்ஜினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேரும் இடத்தில் கறுப்பாகச் சொட்டியது. வந்து பார்த்த மெக்கானிக், "கிராங்க் பின்பக்க சீல் போயிடுச்சு சார். வண்டியை ரெண்டாப் பிரிக்கணும்" என்றார். முன்பணம் எடுக்க உள்ளே போகிறேன், திண்ணையில் இருந்த அப்பா காலத்து டிரைவர், "தம்பி, முதல்ல கழுவிப் பாருங்க" என்றார்.

டீசலும் பிரஷ்ஷும் கொண்டு பல வருட அழுக்கைக் கழுவித் துடைத்தோம். அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தால், புது எண்ணெய் மேலே டேப்பெட் கவரிலிருந்து என்ஜின் முதுகு வழியாக இறங்கியிருந்தது. ஒரு கேஸ்கெட்டோடு வேலை முடிந்தது. மறுநாள் வண்டி வயலில் இறங்கியது.

எண்ணெய் கீழே இறங்கும். ரேடியேட்டர் விசிறி அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, தேன் நிறத்தில், காட்டமாக நெடியடித்தால் கியர் ஆயில். டீசலை மூக்கே சொல்லிவிடும். துருத்தண்ணீர் என்றால் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் பாருங்கள். சீலை மாற்றுமுன் ஆயில் அளவு கூடியிருக்கிறதா, பிரீதர் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் சேர்ந்தால் புது சீலும் கசியும்.

தரையில் சொட்டாத கசிவுதான் அதிக ஆபத்து. ஊற்றாமலே என்ஜின் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை வந்தால், ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஆயில் பால் கலந்த காபி போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால், ஆக்சில் ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கியிருக்கலாம். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு ஆற்றுக்கரைச் சரிவில் இறங்கும்போதா அதைத் தெரிந்துகொள்வது?

இன்னொன்று. ஹைட்ராலிக் ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டிப் பாருங்கள். தோலில் துளைத்துவிட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த டிரைவர் இப்போது இல்லை. ஆனாலும் எந்த மெக்கானிக் வந்தாலும், முதலில் அவர் கையில் நான் கொடுப்பது ஒரு பழைய துணிதான்.