அழுவது விசுவாசக் குறைவா?

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஓர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய மகன் 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் வீடு திரும்பவில்லை.

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். ஒண்டு கேக்கிறன். இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் நான் அழுறது விசுவாசக் குறைவு எண்டு ஜெபக்கூட்டத்தில சொல்லுகினம். அப்பிடியோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் படித்தது சமூகவியல். யார், எங்கே, எவ்வளவு காலம் அழலாம் என்பதற்குச் சமூகம் எழுதப்படாத விதிகளை வைத்திருக்கிறது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் 1979இல் இவற்றுக்கு 'உணர்வு விதிகள்' என்றே பெயரிட்டார். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு ஹொக்ஷில்ட் போதாது. அவர் கேட்டது இயேசுவைப் பற்றி. ஆகவே வீட்டுக்கு வந்து, இந்த ஒரு கேள்வியோடு நான்கு நற்செய்திகளையும் திரும்ப வாசித்தேன். வாசகியரில் சைவச் சகோதரிகளும் இஸ்லாமியச் சகோதரிகளும் இருக்கிறீர்கள். "அழாதே" என்ற சொல் எல்லா வீட்டு வாசலுக்கும் வந்ததுதான் என்பதால் இதை உங்களோடும் பகிர்கிறேன்.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் லாசருவின் மரணம் வருகிறது. பெத்தானியா என்ற அந்த ஊர் எருசலேமிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரம். லாசரு நோயாய் இருக்கிறான் என்று சகோதரிகள் ஆளனுப்பியும் இயேசு இரண்டு நாள் தாமதித்தே புறப்பட்டார். வந்து சேர்ந்தபோது அடக்கம் செய்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. மார்த்தா முதலிலும் மரியா பிறகும் வந்து ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டான். அது மன்றாட்டு மட்டுமல்ல, முறைப்பாடும்தான். அதற்காக இருவரில் ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. மரியா அழுவதைக் கண்டு உள்ளம் கலங்கினார். அவரும் கண்ணீர் விட்டார்.

இதில் என்னை நிறுத்திய விடயம் ஒன்று உண்டு. லாசருவை எழுப்பப் போவது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். முடிவு தெரிந்தவரே அழுதாரென்றால், தன் மகனுக்கு என்ன நடந்ததென்று தெரியாமலே இருக்கும் தாயிடம் போதும் என்று சொல்ல யாருக்கு உரிமை? அங்கும் சுற்றி நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. எவ்வளவு நேசித்தார் பாருங்கள் என்றார்கள் சிலர். குருடனின் கண்ணைத் திறந்தவர் இவனைச் சாகாமல் காத்திருக்கக் கூடாதா என்றார்கள் வேறு சிலர். அழுகிறவருக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

லூக்கா 19இல் அவர் இன்னொரு முறை அழுகிறார். இம்முறை ஓர் ஊருக்காக. எருசலேம் முற்றுகையிடப்பட்டு அழியும் என்பதை நினைத்து அழுதார். கி.பி. 70இல் உரோமப் படைகள் அந்த நகரத்தை அழித்தன. கிரேக்க மூலத்தில் லாசருவுக்காக அழுததற்குக் கண்ணீர் சிந்துதல் என்ற சொல்லும், நகரத்துக்காக அழுததற்கு வாய்விட்டு அழுவதைக் குறிக்கும் சொல்லும் இருக்கின்றன. இடிந்த வீட்டையும் வெட்டப்பட்ட மாமரத்தையும் நினைத்து அழுத பெண்களை நான் கண்டிருக்கிறேன். "சாமானுக்கு ஏன் அழுறாய், உயிர் இருக்குதுதானே" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதையும் கேட்டிருக்கிறேன்.

கோபமும் வந்திருக்கிறது. கை சூம்பிய ஒருவரை ஓய்வுநாளில் குணப்படுத்துவாரா, குற்றம் பிடிக்கலாமா என்று காத்திருந்தவர்களை அவர் கோபத்தோடும் துக்கத்தோடும் பார்த்ததாக மாற்கு எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தைச் சொல்லும்போது கோபத்தை விட்டுவிட்டார்கள். நல்லவருக்குக் கோபம் வந்ததென்று எழுத அப்போதே தயக்கம் இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

ஒரு இடத்தில் இயேசுவும் "அழாதே" என்கிறார், அதை மறைக்கக் கூடாது. நாயீன் ஊரில் ஒரே மகனை அடக்கம் செய்யப் போன விதவைத் தாயிடம் சொன்னது அது. அவர் மனமிரங்கியதற்கு லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளின் பெயரிலிருந்து பிறந்தது. "பெத்த வயிறு பத்துது" என்று எங்கள் தாய்மார் சொல்வதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் அப்படிச் சொன்ன கையோடு அவர் மகனை உயிரோடு தாயிடம் கொடுத்தார். நாங்கள் கொடுக்க எதுவுமில்லாமல் அந்தச் சொல்லை மட்டும் சொல்லுகிறோம்.

கெத்சமனே தோட்டத்தில் அவரே பயந்து கலங்கினார். பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரிடமும் கேட்டது சிறிய உதவி: என்னோடு விழித்திருங்கள். மூன்று முறை வந்து பார்த்தார், மூன்று முறையும் அவர்கள் தூங்கிப்போயிருந்தார்கள்.

நித்திரையும் சாப்பாடும் பல கிழமைகளாகக் குழம்பினால், உயிர் வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போகப் பின்வாங்காதீர்கள். ஜெபிக்கிறவர்களும் போகலாம்.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவுக்கு லாசருவின் கதையைச் சொன்னேன். சிறுவயதிலேயே கேட்ட கதைதான். "அப்ப மார்த்தாவும் அவரோட கோவிச்சவவோ?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு கனநேரம் அழுதார். என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை பக்கத்தில் இருந்தேன்.