எலிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?

சில வாரங்களுக்கு முன் மெட்டுகூடாவில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுபோயிற்று. பேத்திக்கோ பரீட்சை நேரம். பழுது பார்க்க வந்தவர், "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் சார்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். பழுதைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடுவதுதான் எங்கள் பழக்கம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வழியாக 'சேஃப் மோடு'க்குப் போனேன். அதில் நெட்வொர்க் வேலை செய்யாது. அரை நாள் ஓடியும் சிக்கலில்லை. அடுத்து, நெட்வொர்க்குடன் கூடிய சேஃப் மோடு. பத்தே நிமிடத்தில் நீலத்திரை! குற்றவாளி நெட்வொர்க் கார்டின் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நிற்கும் துபாஷிதான் டிரைவர். சாதாரண மென்பொருள் தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் இயங்குவது விண்டோஸின் உள்மையத்தில். அது தவறினால் முழு இயந்திரமும் நிற்கும். முந்தைய வாரம்தான் புது டிரைவர் தானாக ஏறியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பினேன். காலணா செலவில்லை. அந்த வசதி இல்லாவிட்டால், வேறு கம்ப்யூட்டரில் தயாரிப்பாளரின் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. அந்த மென்பொருளும் உள்மையத்தில் இயங்கும் டிரைவர்தான். 20 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் 21 வந்ததே வினை. நம் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கும் வைத்தியம் இதேதான்: சேஃப் மோடில் நுழைந்து, கெட்ட கோப்பை நீக்குவது.

ரயில்வேயில் சிக்னல் கருவியைத் தொடுமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் 'டிஸ்கனெக்ஷன் மெமோ' கொடுக்க வேண்டும். வேலை முடிந்து சோதித்த பிறகே 'ரீகனெக்ஷன்'. மென்பொருள் அனுப்புவோருக்கும் இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பது என் கட்சி. அது வரும்வரை வீட்டுக்கு நாமே ஸ்டேஷன் மாஸ்டர்.

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது ஆபத்து. பரீட்சைக்கும் முக்கிய வேலைக்கும் முந்தின நாள் வேண்டாம். எப்போது எது மாறியது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

மதர்போர்டு வாங்குவது அப்புறம் இருக்கட்டும்.