கல்லூரி இடம் பணிச்சலுகை ஆகாது



நாங்கள் கல்லூரிகளில் ஆசிரியராகவும் எழுத்தராகவும் ஆய்வக உதவியாளராகவும் வேலை பார்ப்பவர்கள். சிலர் ஓய்வு பெற்றவர்கள். ஊழியர் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்கினால் லாபம் எங்கள் வீட்டுக்குத்தான். இருந்தும், அந்த ஒதுக்கீடு வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இப்படி இடங்கள் உண்டு. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை என்பார்கள். ஆனால் ஆள் கூடும்போது ஆய்வகத்தில் மேசையோ விடுதியில் கட்டிலோ கூடுவதில்லை. உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியாதா?

ஒரு பிரிவினருக்கென்று கல்லூரி இடங்களை ஒதுக்கலாமா என்ற கேள்வியை நீதிமன்றம் பல உருவில் பார்த்திருக்கிறது. 1968இல், அன்றைய சென்னை மாநிலம் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்ட விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே, டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் வெளிநாடுகளிலுள்ள இந்தியத் தூதரகங்களில் பணியாற்றும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் உள்ளிட்ட சிலருக்கு வைத்திருந்த இடங்களை ஏற்றுக்கொண்டது. கல்லூரியின் செலவைச் சுமக்கும் அரசு, எந்தப் பிரிவினரிலிருந்து மாணவரை எடுப்பது என்று முடிவு செய்யலாம் என்றது. ஒதுக்கீடு கேட்போருக்கு வசதியான தீர்ப்புதான். ஆனால் பெற்றோர் வெளிநாட்டில் இருப்பதால் பிள்ளைக்கு வரும் சிரமம் அதற்குப் பின்னால் இருந்தது. வளாகத்துக்குள்ளேயே குடியிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி என்ன சிரமம்?

2001இல், முதுநிலைப் படிப்பில் தன் மாணவர்களுக்கே 33 சதவீத இடத்தை வைத்திருந்த எய்ம்ஸ் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2011 மே மாதம் வந்த தீர்ப்பு இன்னும் அழுத்தமானது. டெல்லி கன்டோன்மென்டிலுள்ள ராணுவ மருத்துவ அறிவியல் கல்லூரி எல்லா இடங்களையும் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கே வைத்திருந்தது. டெல்லி அரசும் அதற்கு அனுமதி தந்திருந்தது. சிறுபான்மையினர் நடத்தாத ஒரு தனியார் கல்லூரி, தான் விரும்பும் கூட்டத்திலிருந்து மட்டும் மாணவரை எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. படைவீரர் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் வைப்பதை 1971லேயே மைசூர் மாநில வழக்கில் நீதிமன்றம் ஏற்றிருந்தது உண்மை. அவர்கள் எல்லையில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். கோப்பு பார்க்கும் நாங்கள் எதைக் காட்டிக் கேட்பது?

இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாத ஒன்று இருக்கிறது: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான இடங்கள். "அதுவும் கோட்டாதானே" என்று பேசுவதைக் கேட்கிறோம். இல்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பனியன் கம்பெனித் தொழிலாளியும் தோல் ஷெட் தொழிலாளியும் கூலியில் 0.75 சதவீதம் கட்டுகிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்த நிதியில் வளர்ந்த அமைப்பு, 2010இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி மருத்துவக் கல்வியில் இறங்கியது. சென்னை கே.கே. நகர் கல்லூரி அப்படி வந்ததுதான். 2015இல் கல்லூரிகளே வேண்டாம் என்று இ.எஸ்.ஐ. கழகம் கைகழுவப் பார்த்தபோது மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கோவைக் கல்லூரி மாநில அரசின் கைக்குப் போனது. இந்த இடங்களுக்கு வருகிற பிள்ளையும் நீட் எழுதித்தான் வருகிறது. இது நிர்வாகம் தன் ஆட்களுக்குத் தரும் சலுகை அல்ல, சந்தா கட்டியவரின் பங்கு.

எங்கள் சக ஊழியர்களுக்கும் அவர்களின் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேளுங்கள், கட்டணச் சலுகை கேளுங்கள், வட்டியில்லாக் கடன் கேளுங்கள். நாங்களும் கூட நிற்போம். இடத்தைக் கேட்காதீர்கள்.

பொதுமக்களே, சேர்க்கைக் காலத்தில் கல்லூரியின் விளக்கக் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். "ஊழியர் வாரிசு" என்றொரு வரி இருந்தால், எந்த ஆணையின்படி, எத்தனை இடம், அதில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன என்று எழுதிக் கேளுங்கள். அரசுக் கல்லூரியானாலும் அரசுப் பல்கலைக்கழகமானாலும் தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள், பிள்ளைக்கான சான்றிதழை விண்ணப்பத் தேதிக்கு முன்பே வாங்கி வையுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள், எழுதித் தருகிறோம்.