ஆலை யார் கையில்?

மொழிபெயர்ப்பு மேசையில் சில சொற்கள் முள்ளாய்த் தைப்பதுண்டு. அண்மையில் அப்படி ஒன்று வந்தது. அமெரிக்க வேளாண் அறிஞர்கள் சிலர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக 'நடுவிலுள்ள விவசாயம்' குறித்து எழுதி வருகின்றனர். உண்பவருக்கு நேரில் விற்கும் சிறு பண்ணை எப்படியோ பிழைக்கிறது. பெருநிறுவனங்களுக்கு மொத்தச் சரக்கு அனுப்பும் பெரும்பண்ணையும் பிழைக்கிறது. இடைப்பட்டவர்தான் அழிகிறார் என்பது அவர்கள் கண்ட உண்மை. அதற்கு அவர்கள் கூறும் மாற்றில் 'வேல்யூ' என்னும் சொல் பன்மையில் வருகிறது. ஒருமையில் அது மதிப்பு; பன்மையில் விழுமியம். விளைவித்தவரின் நியாயமான வருவாய், மண்ணின் நலம், ஊரின் பெயர் ஆகியவையும் பொருளோடு சேர்ந்தே உண்பவரைச் சென்றடைய வேண்டுமாம். 'விழுமியம் சார்ந்த வட்டார உணவு வழங்கல் தொடர்' என்று எழுதி முடித்தேன். தமிழ் முதுகலை படித்தவனுக்கே வாயில் நுழையவில்லை! ஆயினும் அதனுள் இருக்கும் கேள்வி நமக்கும் உரியது.

2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்திய நில உடைமைகளில் 86 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. 2 முதல் 10 ஹெக்டேர் வரையுள்ளவை 13.35 சதவீதமே, ஆனால் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதம் அவற்றில் அடங்கும். இந்த நடுத்தர விவசாயி வீட்டுத் தேவைக்கு மேல் விளைவிப்பவர். ஆகவே விலை சரிந்தால் உடனே அடிபடுபவர். பெருமுதலாளியைப் போல் கிடங்கில் பூட்டி வைத்துக் காத்திருக்க அவருக்கு வழியில்லை. தக்காளிக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் சுமார் 33 காசும், வெங்காயத்தில் 36 காசும், உருளைக்கிழங்கில் 37 காசும்தான் விவசாயிக்குக் கிடைக்கின்றன என்று 2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது.

பாலில் மட்டும் கணக்கு ஏன் மாறுகிறது? ரூபாயில் 80 காசு உற்பத்தியாளருக்குப் போகிறது என்று அமுல் கூறுகிறது. இதற்கு விடை விளம்பரத்தில் இல்லை, 1946இல் இருக்கிறது. பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏகபோகம் போல்சன் நிறுவனத்திடம் இருந்தபோது, கைரா மாவட்ட விவசாயிகள் பாலைத் தர மறுத்துப் போராடினர். அந்தப் போராட்டத்திலிருந்தே திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் கூட்டுறவு ஒன்றியம் எழுந்தது. சில ஆண்டுகளில் பதப்படுத்தும் ஆலையும் அவர்கள் கைக்கு வந்தது. நல்ல விலை கேட்டதோடு அவர்கள் நின்றிருந்தால், கைரா இன்று வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே இருந்திருக்கும்.

இனி நெல்லுக்கு வருவோம். அதுவும் நாம் பெருமை கொள்ளும் கேரளத்துக்கு. 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை கிலோவுக்கு ரூ.23.69. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து ரூ.30 என அறிவித்தது. நாட்டின் பல பகுதிகளில் ஆதரவு விலைகூடக் கிடைக்காத நிலையில் இது சிறிய செய்தியன்று. ஆனால் கொள்முதல் செய்த நெல்லை அரைப்பவை பெரும்பாலும் தனியார் ஆலைகள். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் விதி; 64.5 கிலோதான் தர முடியும் என்று ஆலைகள் அடம்பிடித்தன. மூன்றரைக் கிலோ அரிசியைப் பற்றிய இந்தப் பேரத்தில், அறுத்த நெல்லை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றவர் விவசாயி. பணமோ கொள்முதல் ரசீதின் பேரில் வங்கிக் கடனாக வருகிறது. அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகும் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் நிலுவைகளும் ஒரு காரணந்தான். அதைச் சொல்லிவிட்டு நம் வேலை முடிந்ததாகக் கருதலாகாது.

பாலக்காட்டு மட்டை அரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் ஆலைக்குள் நுழைந்த நெல் எந்த வயலுடையது என்பது அங்கேயே மறைந்துவிட்டால், குறியீட்டின் பயன் மூட்டை கட்டுபவருக்குத்தான். விவசாயிகளின் கூட்டுறவு ஆலை, அதன் அரிசியை வாங்க அரசுப் பள்ளிகள், மருத்துவமனைகள், நியாயவிலைக் கடைகள் என உறுதியான வட்டாரச் சந்தை: இவை இரண்டும் இணைந்தாலன்றி அந்த நீண்ட பெயருள்ள தொடர் வெறும் சொற்றொடரே. "சங்கம் போராடுவதற்கு, கடை நடத்துவதற்கல்ல" என்று சில தோழர்கள் கூறுவதுண்டு. கைராவில் ஒன்று மற்றொன்றிலிருந்தே பிறந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

வேறோர் ஐயம் எனக்கும் உண்டு. நடுத்தர விவசாயி கூலிக்கு ஆள் வைப்பவர். பால் சங்கத்தின் பதிவேட்டில் மாட்டின் உரிமையாளர் பெயர் இருக்கும். அவருக்காகப் புல்லறுத்துச் சுமந்து வரும் கூலிப் பெண்ணின் பெயர் இராது. நியாயமான வருவாய் என்பதில் அவளுடைய கூலியும் அடங்குமா? அடங்கும் எனில், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை வழங்கிய உறுப்பினரின் நெல்லையே ஆலை ஏற்கும் என்று கூட்டுறவு ஆலையின் துணைவிதியிலேயே எழுதிவிடலாம். விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து எழுத வேண்டிய வரி அது. எழுதும்போது வாக்குவாதம் வரும், வரட்டும்.