டைகருக்கு ஜவளகிரி வேண்டாம்!

எங்கள் வீட்டு நாயின் பெயர் டைகர். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் கட்டிலுக்கு அடியில் போகிறவன், இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வருவான். ஓசூரில் ஒரு டீக்கடை வாசலில் பாதி பன்னுக்கு ஆசைப்பட்டு என் பின்னால் வந்தவன். மீதிப் பாதியை வசூல் பண்ண நாலு வருஷமாக என்னோடேயே இருக்கிறான்.

தினமும் காலையில் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் வாக்கிங். வாக்கிங் என்று நான்தான் சொல்கிறேன். அவனைப் பொறுத்தவரை அது ஆடிட். ஒவ்வொரு கரண்ட் கம்பத்தையும் முகர்ந்து, நேற்றைய கணக்கைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகருவான். பி.காம். படித்த எனக்கே அந்தப் பொறுமை கிடையாது.

பங்குனி பிறந்தால் இந்த ஊர் ஒரு தினுசாகிவிடும். சிப்காட் புகைக்கு நடுவிலும் புங்க மரங்கள் துளிர்த்து, ரோடு முழுக்கப் பொரி கொட்டினாற்போல் பூ உதிர்க்கும். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிகிறவர் கூட ஒரு நிமிஷம் கண் திறந்து பார்ப்பார். அப்படி ஒரு காலையில்தான் எனக்கு அந்த விபரீத ஆசை வந்தது. இங்கிலீஷ் படத்தில் காட்டுவார்களே... முதுகில் பை, பக்கத்தில் நாய், சரிவெல்லாம் பூ. அதே மாதிரி டைகரோடு ஜவளகிரிக்கு!

ஞாயிற்றுக்கிழமை. நண்பரின் கார் இரவல். தளி தாண்டி ஜவளகிரி போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. காற்று ஜில்லென்று இருந்தது. காட்டோரம் ஒரு பலாச மரம், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, கிளைகிளையாகத் தீப்பிடித்த மாதிரி பூத்து நின்றது. டைகரின் சங்கிலியைக் கழற்றக் குனிந்தேன்.

"அவுக்காதீங்க சார்!"

வரப்பில் ஒரு பெரியவர். தோளில் கம்பளி. பாதி தமிழ், பாதி கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு. எங்கள் பக்கத்து ஸ்டாண்டர்டு மொழி அதுதான்.

"யாரையும் கடிக்க மாட்டான், பெரியவரே."

"கடிக்கிறதைப் பத்தி யார் கேட்டா? யானை நிக்கிற காடு இது. யானையைப் பார்த்தா நாய் குரைக்கும். யானை துரத்தும். அப்ப நாய் எங்கே ஓடும்?"

யோசித்தேன். "எங்கே?"

"உங்ககிட்டதான்! உங்களை விட்டா அதுக்கு வேற யாரு சார் இருக்காங்க?"

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ராகி அறுவடை சீசனில் பன்னர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் வரும், பிறகு திரும்பிப் போகும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். "சீசன்தான் முடிஞ்சு போச்சே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நம்ம காலண்டரை அதுங்க படிக்குமா? ஒண்ணு ரெண்டு இங்கேயே தங்கிடும்" என்றவர், டைகரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம வீட்லயும் ஒண்ணு இருந்தது. திண்ணையில படுத்திருந்ததை சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு. ஒரு சத்தம்தான் கேட்டது."

அதற்கு மேல் அவர் பேசவில்லை.

அப்போது டைகர் நின்றான். முதுகு முடியெல்லாம் சிலிர்த்தது. தொண்டையில் மெல்லிய உறுமல். எதிரே பாதை வளைவில் லத்தி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது! பெரியவர் கண்ணாலேயே 'கிளம்பு' என்றார். நான் டைகரின் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். அவன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்தது. என் நெஞ்சும்தான். யானை கடைசி வரை கண்ணில் படவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இந்த ஜீவன் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை ஒரு பூ மரத்துக்காக நான் அடமானம் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

ஓசூர் வனக் கோட்டத்துக் காடுகளைச் சேர்த்து 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள். 686 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நாம் நுழைவதே தப்பு. இதில் நாய் வேறா? அதோடு, நம் நாயால் காட்டுக்கும் ஆபத்து உண்டு. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்தன. டிஸ்டெம்பர் என்கிற நாய் நோய். அக்கம்பக்கத்துக் கிராம நாய்களிடமிருந்து பரவியிருக்க வேண்டும் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதற்கப்புறம் அந்த நாய்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். ஆயிரம் சிங்கம்! நம்ம டைகரைப் பார்த்தால் நம்ப முடிகிறதா?

மறுநாளே அவனுக்கு பாக்கியிருந்த ஊசியைப் போட்டேன். டாக்டர் பீஸ் டெபிட்; மனநிம்மதி கிரெடிட்.

இப்போதும் வசந்தத்தைப் பார்க்க இருவரும் போகிறோம். ஏரிக்கரைப் புங்க மரம் வரைதான். சங்கிலி என் கையில். தலையில் விழுந்த பூவைக் கூட உதறாமல், டைகர் கம்பம் கம்பமாக ஆடிட் பண்ணிக்கொண்டிருக்கிறான். கடைசியாக டீக்கடை வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்கிறான்.

பன் பாக்கி இன்னும் தீரவில்லையாம்!